பாம்பன் பெண்களின் நெஞ்சுவலி: அன்றும் இன்றும்

1988இல் சாலைப் பாலம் வருவதற்கு முன் பாம்பன் தீவில் ஒருவருக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால், வீட்டார் கேட்கிற முதல் கேள்வி அடுத்த ரயில் எப்போது என்பதாகத்தான் இருக்கும். 1914இல் திறந்த ரயில் பாலத்தை விட்டால் தோணிதான். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் பாலமே சிதைந்து, சீர்செய்ய ஒன்றரை மாதம் ஆனது. எப்படியோ ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் வலிக்கு ஊசி, ஆக்சிஜன், வாரக்கணக்கில் படுக்கை, அவ்வளவுதான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் சிகிச்சை அப்போது பெரிய நகரங்களிலேயே வழக்கத்துக்கு வரவில்லை.

அந்தப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனவர்களில் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மாரடைப்பு ஆம்பளை வியாதி என்று ஊர் நம்பியது, டாக்டர்களும் நம்பினார்கள். பாம்பனைப் புயல் புரட்டிப் போட்ட அதே 1964இல், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இதயநோய் பற்றிப் பெண்களுக்கென்று பெரிய மாநாடு ஒன்று நடந்தது. 'இதயங்களும் கணவர்களும்' என்று அதற்குப் பெயர். புருஷனின் இதயத்தைப் பெண்டாட்டி எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே அங்கே பாடம். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று எண்பதுகளில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 டாக்டர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கென்று அதே கேள்வியைக் கேட்ட பெரிய ஆய்வின் விடை 2005இல்தான் வந்தது. ஆணைப் போன்ற நோய் தனக்கும் உண்டு என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு ஆணுக்குச் செய்யும் வைத்தியம் கிடைக்கிறது என்று, இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி 1991இல் எழுதினார்.

1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஐசிஸ்-2 என்ற ஆய்வின் முடிவும் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தால், ஐந்து வாரத்துக்குள் சாகிறவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்றிலிருந்து எட்டாகக் குறைகிறார்கள் என்றது அது. தீவுக்கு ரோடும் உலகத்துக்கு மருந்தும் ஒரே வருஷத்தில் வந்த கணக்கு. ஆனால் மருந்து உடனே ரோடு வழியாக வந்துவிடவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008இல். அடுத்த வருஷம் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகுதான், நகையை அடகு வைக்காமல், அடைத்த குழாயைத் திறக்கும் ஸ்டென்ட் வைக்கலாம் என்ற எண்ணமே ஏழை வீட்டில் எழுந்தது.

பாம்பனிலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர். எவ்வளவு விரட்டினாலும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைக்க முடியாதென்றால், பக்கத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, ஒரு நாளைக்குள் ஆஞ்சியோகிராம் செய்யும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றைய முறை. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலானோர் தமிழ்நாட்டில் இதைச் சோதித்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள். 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகள் தயாராக இருக்கின்றன: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. கையில் கொட்டினால் ஒரு பிடி. அதை விழுங்க வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள்.

ஆக, கடலைத் தாண்டுகிற நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீட்டு வாசலைத் தாண்டுகிற நேரம்தான் அப்படியே கிடக்கிறது.

பாம்பனின் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள்தான் தொழில். ஒரு நாள் விட்டால் அந்தக் கூலி போச்சு. இப்படி உழைக்கிற உடம்பில் நெஞ்சு இறுக்கினால் மூச்சுப் பிடித்ததால் என்பார்கள், தோள் வலித்தால் பாசி மூட்டை தூக்கியதால் என்பார்கள். எல்லா வலிக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். மீதிக்கு வாயு இருக்கிறது. "ஓமத்தண்ணி குடி மதினி, ஏப்பம் விட்டாச் சரியாப் போகும்" என்று சொல்லிச் சொல்லியே பொழுது விடிந்துவிடும்.

பெண்ணுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது தப்பு. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பற்றி 2018இல் வெளியான விர்கோ ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 87 பேர் நெஞ்சுவலியைச் சொன்னார்கள். ஆண்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் பெண்கள் கூடவே தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல், அசதி என்று பலதையும் சேர்த்துச் சொன்னார்கள். முன்னதாகவே டாக்டரிடம் போயிருந்த பெண்களில் பாதிக்கு மேல், 'இது இதயம் இல்லை என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள்' என்றார்கள். பத்து தொந்தரவைச் சொன்னால் அதில் நெஞ்சுவலி காணாமல் போகிறது. பெண் சொல்லாமல் இருப்பதைவிட, சொன்னது காதில் விழாமல் போவதையே நான் பெரிய கோளாறாக நினைக்கிறேன்.

ஈசிஜி எடுப்பதையே பாருங்கள். கைகால்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்புக் கிளிப் மாட்டுவதில் தொல்லை ஏதுமில்லை. நெஞ்சில் வைக்கிற ஆறு முனைகளில்தான் விஷயம். அவற்றில் கடைசி மூன்றும் இடது மார்புக்கு அடியிலிருந்து விலாவைச் சுற்றிப் போக வேண்டும். ஜாக்கெட்டைத் தளர்த்தி, மார்பைச் சற்றுத் தூக்கினால்தான் சரியான இடம் கிடைக்கும். கூச்சத்துக்காக ஒரு விலா மேலே வைத்தால் கோடே மாறிவிடும். மறைப்புத் திரை இல்லாத அறை, மெஷினோடு நிற்கிறவர் பையன் வயசு ஆள் என்றால், "காலையில வர்றேன் தம்பி" என்று பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். நெஞ்சில் முனைகளை ஒட்ட, ரப்பர் பல்புக்குப் பதில் பல இடங்களில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. திரை எல்லா இடத்திலும் வந்ததா? ஒரு பச்சைத் துணியும் ஒரு நர்ஸம்மாவும் செய்கிற வைத்தியம் இது.

ஆஞ்சியோகிராம் வரை போய்வந்த பெண்ணுக்கும் ஒரு சங்கடம் உண்டு. பெரிய குழாய்களில் பெரிய அடைப்பு இல்லாமலே மாரடைப்பு வருவது பெண்களிடம் அதிகம். நுண்குழாய்கள் இறுகலாம், குழாய்ச் சுவரே உள்ளுக்குள் கிழியலாம். "குழாயெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டால், வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்: நடித்திருக்கிறாள். மாத்திரை அன்றோடு நின்றுபோகும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியபின் பிரஷர், சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவருபவரும் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்ணாக இருப்பதால் கூச்சமில்லாமல் பேசலாம். அவர் கேட்கும் கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: மாசமாக இருந்தபோது பிரஷரோ சர்க்கரையோ வந்ததா, மாதவிலக்கு நாற்பதுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதா? பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை இவை. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில், பிரசவத்துக்குப் போனபோது கொடுத்த அட்டையிலேயே எழுதியிருக்கும்.