கோழிக்கு 21, வாத்துக்கு 28: ஒரே அடையில் இரண்டு கணக்கு

கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒண்ணா வைத்துப் பொரிக்க முடியுமா? முடியும். வாத்து முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைப்பது நம்ம ஊர்களில் பழைய வழக்கம்தான். முட்டைக்காக வளர்க்கும் வாத்துகள் பெரும்பாலும் அடையில் உட்காராது. உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து போய்விடும். அதனால் அந்த வேலை கோழி தலையில் விழுந்தது. இப்போ பல வீடுகளில் கோழியின் இடத்தில் இன்குபேட்டர் இருக்கு. ஆனா சிக்கல் மாறவில்லை. அது நாள் கணக்கு.

கோழிக்குஞ்சு வெளிவர 21 நாள். சாதாரண வாத்துக்கு 28 நாள். மணிலா வாத்து என்று நாம் சொல்வதற்கு 35 நாள் வரை ஆகும். இரண்டு வகை முட்டையையும் ஒரே நாளில் அடை வைத்தால் என்ன நடக்கும்? 21ஆம் நாள் கோழிக்குஞ்சுகள் வந்துவிடும். ஓரிரு நாளில் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பும். அதைப் பொறுத்தவரை அடை முடிந்தது. கூடையில் மிச்சமிருக்கும் வாத்து முட்டைக்குள் அநேகமாக முழு உருவம் பெற்ற குஞ்சு இருக்கும். அதுக்கு இன்னும் ஒரு வாரச் சூடு வேணும். கிடைக்காமல் செத்துப்போகும். நாம் அதைக் கூமுட்டை என்று தூக்கி எறிவோம். உண்மையில் அது கூமுட்டையே இல்லை.

இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு

முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா இதே மாதிரிச் சிக்கலுக்கு வழி சொல்லியிருக்கிறார். அவர் பேசுவது மயில் முட்டை பற்றி. கோழிக்கு அடியில் மயில் முட்டையும் கோழி முட்டையும் வைக்கச் சொல்கிறார். பத்தாம் நாள் பழைய கோழி முட்டைகளை எடுத்துவிட்டு புதியவற்றை வைத்தால் எல்லாம் ஒரே சமயத்தில் பொரியும் என்கிறார். சூத்திரம் இதுதான்: பொரியும் நாள் ஒண்ணா இருக்கணும், வைக்கும் நாள் இல்லை.

வாத்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். இன்று வாத்து முட்டையை வையுங்கள். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரு பிடித்த முட்டையில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். தெளிவாகவே இருப்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோழி முட்டையை வைக்கலாம். 25ஆம் நாள் வாத்து முட்டைக்கு மூன்று நாள் பாக்கி. கோழி முட்டைக்கு அது 18ஆம் நாள், அதுக்கும் மூன்று நாள் பாக்கி. அன்றோடு இரண்டையும் திருப்புவதை நிறுத்தலாம்.

கடையில் வாங்கும் பண்ணைக் கோழி முட்டை இதுக்கு உதவாது. அங்கே சேவல் கிடையாது. சேவல் சேர்ந்த நாட்டுக்கோழி முட்டையாக, ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கணும்.

சூடு ஒன்று, ஈரம்தான் வேறு

விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டுக்கும் சரி. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது முட்டையைத் திருப்பணும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பென்சிலில் குறி போட்டால் குழப்பம் வராது. கோழியை வைத்துப் பொரிப்பவர்களும் கவனிக்கணும். வாத்து முட்டை பெரிசு, சின்ன நாட்டுக்கோழியால் அதைச் சரியாப் புரட்ட முடியாது. நாம்தான் கை கொடுக்கணும்.

ஈரப்பதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அடை காலத்தில் முட்டையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்கு அகலமான முனையில் காற்றறை பெரிசாகும். குஞ்சு முதல் மூச்சை விடுவது அந்த அறைக்குள்தான். ஈரம் அதிகமானால் அறை சின்னதாகி, குஞ்சு மூச்சு முட்டும். குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் 25 நாள் சுமார் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 70க்கு மேல் என்று வைத்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒத்துவரும்.

இதைவிட நம்பகமான வழி தராசு. திருப்புவதை நிறுத்தும் நாளுக்குள் முட்டை சுமார் 13 சதவீதம் எடை குறைந்திருக்கணும். 70 கிராம் வாத்து முட்டை 61 கிராமுக்கு வரணும். அதுக்கு மேலேயே நின்றால் தண்ணீர்த் தட்டைச் சின்னதாக்குங்கள்.

கடைசி நாளில் மூடியைத் திறக்காதீர்கள்

கோழிக்குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்தால் அநேகமாக ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும். வாத்துக்குஞ்சு நிதானம், இரண்டு நாள்கூட எடுக்கும். முதலில் வந்த குஞ்சுகள் கத்துவதைக் கேட்டுப் பாவப்பட்டு மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும். பாதி உடைத்த வாத்து முட்டையின் சவ்வு காய்ந்து இறுகும். வெளியே வந்த குஞ்சுக்கு அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்தே இரண்டு நாள் தாங்கும். அந்த நேரம் ஆபத்தில் இருப்பது ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுதான்.

பொரித்த பிறகு

சேர்ந்து பொரித்தாலும் சேர்த்தே வளர்க்கணும்னு இல்லை. வாத்துக்குஞ்சு தண்ணீரைக் குடிப்பதைவிட இறைப்பது அதிகம். நனைந்த தரையில் கோழிக்குஞ்சு குளிர்ந்து சாகும். தீவனத்திலும் வித்தியாசம் உண்டு. வாத்துக்குஞ்சுக்கு நையசின் என்கிற பி3 வைட்டமின் கூடுதலாக வேணும், குறைந்தால் கால் வளையும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கில் இருக்கும் அஃப்ளடாக்சின் கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சைச் சீக்கிரம் கொல்லும். அதனால் முதல் சில நாளிலேயே பெட்டியைப் பிரித்துவிடுவது நல்லது. அடையில் சேர வைக்க ஒரு வாரக் கணக்கு போட்ட மாதிரி, பிரிக்கவும் ஒரு கணக்கு இருக்கு.