காரணம் தெரியாத முகச்சிவப்பு

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குச் செல்வது எங்கள் குடும்பத்தில் விட்டுப்போகாத வழக்கம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சூழ்ந்த அந்த மாரியம்மன் கோயிலில் அக்கினிச்சட்டி ஏந்துவோருக்கும் மாவிளக்கு எடுப்போருக்கும் இடையே, ஓராண்டு நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். இரு கன்னங்களிலும் தணியாத எரிச்சல், முகவாயெங்கும் பருக்கள். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் முகம் காந்தும். அப்போது எனக்கு வயது 34. பருவம் கடந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் பருவா என்று கேட்காத உறவினர் இல்லை.

காரணம் சொல்லவும் ஆளுக்குக் குறைவில்லை. எப்போதோ வந்து போன அம்மையின் சூடு உள்ளே தங்கிவிட்டது என்றார் அம்மா. அவர் அரைத்துப் பூசிய வேப்பிலையும் மஞ்சளும் எரிச்சலை இரட்டிப்பாக்கின. சிவகாசிக் காற்றில் கலந்திருக்கும் மருந்துத் தூள்தான் என்றார் மற்றொருவர். அந்த ஐயம் நியாயமாகவே பட்டது. ஆனால், கையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்கப் பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் பக்கத்து வீட்டு அக்காளின் முகம் தெளிவாக இருந்தது. இரத்தப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை எதிலும் குறையில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்பது கிட்டத்தட்ட நோயின் பெயராகவே ஆகிவிட்டது.

மூன்றாம் ஆண்டில் ஒரு தோல்நோய் மருத்துவர்தான் வேறு கேள்வி கேட்டார்: “முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?” ஒன்றுமில்லை, சாதாரண க்ரீம்தான் என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. விழுங்குவதைத்தான் மருந்தென்று நாம் கணக்கில் வைக்கிறோம். மறுமுறை ட்யூபைக் கொண்டுபோனேன். தம்பி திருமணத்துக்கு முன் கன்னத்துக் கரும்புள்ளிக்காக ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் ஆகியவையும் கலந்த களிம்பு அது.

ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. அதனால் தோல் வெளுக்கிறது. ஒரு களிம்பின் வீரியத்தை அளப்பதற்கே இந்த வெளுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1962-இல் மெக்கன்சியும் ஸ்டவ்டனும் வகுத்த முறை அது. நாம் ‘நிறம் கொடுக்கிறது’ என்று மகிழ்வது மருந்தின் அழுத்தத்தைத்தான். மேலும், முகத்தோல் மருந்தை வெகுவாக உறிஞ்சும். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றியில் ஆறு மடங்கும் தாடையோரத்தில் 13 மடங்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் உட்புகுவதாக 1967-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிகிறது, பரு கிளம்புகிறது. நிறுத்தியதும், அடக்கி வைத்த நாளங்கள் ஒருசேர விரிந்து முகம் சிவந்து எரிகிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசுகிறோம், உடனே அடங்குகிறது. நோயை உண்டாக்கியதே நோய்க்கு மருந்தாகவும் தோன்றுவதால் அதன்மேல் ஐயமே எழுவதில்லை.

இது என் ஒருத்தியின் கதையன்று. இந்தியாவின் 12 தோல்நோய் மையங்களுக்கு முகக் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரிடம் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர், முகத்தில் ஸ்டீராய்டு பூசியவர்கள். அவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பரு வந்திருந்தது அல்லது முற்றியிருந்தது. ‘ஸ்டீராய்டால் கெட்ட, ஸ்டீராய்டைச் சார்ந்துவிட்ட முகம்’ என்று இந்நிலைக்குப் பெயரிட்டவர்களும் இந்திய மருத்துவர்களே. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை, சீட்டின்றி விற்கக் கூடாத எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. காளாஞ்சகப்படைக்கு இவை அருமருந்து என்பதையும் சொல்லியாக வேண்டும்; பிழை மருந்தில் இல்லை, கேட்டவுடன் எடுத்து நீட்டும் கையில் இருக்கிறது.

நிறுத்துவது எளிதாக இல்லை. மருத்துவர் சொற்படி நிறுத்திய முதல் மூன்று வாரங்கள் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன். தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஈரப்பதம் காக்கும் வாசனையற்ற பூச்சு, வெயில்காப்புக் களிம்பு, உள்ளுக்குச் சில மாத்திரைகள் ஆகியவற்றோடு எட்டு மாதங்கள் சென்றன. எலுமிச்சைச் சாறு, பற்பசை, மஞ்சள் என்று வந்த யோசனைகளைக் கேட்டுக்கொண்டதோடு சரி.

எல்லா முகச்சிவப்புக்கும் களிம்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ரொசேசியா என்ற நோயின் மூலகாரணம் மருத்துவத்துக்கே இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. வெயில், அடுப்பனல், காரம், மனப் பதற்றம் ஆகியவை அதைத் தூண்டிவிடும். விருதுநகர் மாவட்டத்தில் இந்த நான்குக்கும் பஞ்சமில்லை. நம் மாநிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாமல் கருமையாகத் தெரிவதால், அது வெறும் பரு என்று கடந்துபோவதும் உண்டு. ஆயினும், காரணம் தெரியாது என்ற முடிவுக்கு வருமுன் அலமாரியைத் திறந்து பார்ப்பது முதல் வேலை. உறையில் செங்குத்துச் சிவப்புக் கோடு இருந்தால் அதை எடுத்துக்கொண்டே தோல்நோய் மருத்துவரிடம் செல்லலாம்.

என் கன்னத்தில் மெல்லிய செந்நரம்புகள் சில நிலைத்துவிட்டன. போன ஆடியில் தலைப்பை இறக்கிவிட்டுத்தான் இருக்கன்குடிக்குப் போனேன். அங்கே, தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்த அக்காள் மகளின் முகம் திடீரென்று வெளுத்திருப்பதைக் கண்டேன். என்ன பூசுகிறாய் என்றேன். “ஒன்றுமில்லை சித்தி, சாதாரண க்ரீம்தான்” என்றாள். பையிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய ட்யூபில் சிவப்புக் கோடு இருந்தது. சீட்டு கேட்டார்களா என்று விசாரித்தேன். எதற்குச் சீட்டு என்று திருப்பிக் கேட்டாள்.