கல்நார் தொழிலாளரின் 40 ஆண்டுப் பதிவேடு: தீர்ப்பு உண்டு, சான்று எங்கே?

புது தில்லி: கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நோய் உடனே தெரிவதில்லை. நுரையீரலை இறுகச் செய்யும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா ஆகியவை பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார். ஆலை கைமாறியிருக்கலாம் அல்லது மூடப்பட்டிருக்கலாம். நோய் எந்த வேலையால் வந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மட்டும் அவர் தலையில் விழுகிறது.

இந்த இடைவெளியை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-ல் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஆமதாபாதைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலமும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிபதிகள் அறிவித்தனர். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணியிலிருந்து விலகிய பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை, ஆலைகள் பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டனர். 25 வயதில் சேர்ந்து 58 வயதில் ஓய்வு பெற்றவரின் பதிவேடு, அவருக்கு 73 வயதாகும் வரை இருந்தாக வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1984 போபால் பேரழிவுக்குப் பின் 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான பொருள்கள் பற்றிய விவரங்களை அறியவும், தமது மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும், உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கவும் தொழிலாளர்களுக்கு உரிமை அளித்தது. ஆஸ்பெஸ்டோசிஸ், இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் பட்டியலிலும் உள்ளது.

கல்நாரையே தடை செய்யும் முயற்சி நாடாளுமன்றத்தில் நடக்காமல் இல்லை. வெள்ளைக் கல்நாரின் பயன்பாட்டையும் இறக்குமதியையும் தடை செய்யும் தனிநபர் மசோதா 2009-ல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. 1970-க்குப் பின் எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளையும் கடந்து சட்டமானதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தடை கோரிய பொதுநல மனுவை 2011-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், 1995-ம் ஆண்டு உத்தரவுகள் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும் என வலியுறுத்தியது. உள்நாட்டில் கல்நார் வெட்டியெடுக்கப் புதிய குத்தகை வழங்குவது 1986-லேயே நிறுத்தப்பட்டது. எனினும், கூரைத் தகடு ஆலைகளுக்காக, முக்கியமாக ரஷியாவிலிருந்து, இறக்குமதி தொடர்கிறது.

இப்போது களம் மாறியிருக்கிறது. எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவையில் 2020 செப்டம்பர் 23-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. மின்விசையுடன் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20-லிருந்து 50 ஆகவும் உயர்ந்துள்ளன. அபாயகரமான பணி என அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சட்டத்தைப் பொருந்தச் செய்யலாம் என்ற விதியும் அதில் உண்டு. பணி நியமனக் கடிதம் வழங்குவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

அந்தக் கடிதத்தின் மதிப்பு சம்பளத்தோடு முடிவதில்லை. ஒப்பந்ததாரர் மூலம் வந்து, ஆலையின் ஏட்டில் பெயரின்றித் தூசியில் நின்ற தொழிலாளிக்குத் தீர்ப்பு கூறும் 40 ஆண்டுப் பதிவேடு தொடங்குவதே இல்லை. பதிவு இல்லாவிடில் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எந்த மன்றத்திலும் நிறுவுவது கடினம். வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்த உரிமை, ஒரு கடிதத்தையும் ஓர் ஏட்டையும் நம்பியே நிற்கிறது. அவற்றை ஆலைகள் பராமரிக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது அரசு. அரசைக் கேட்க வேண்டியது நாடாளுமன்றம்.