தனிக்காவலும் அதன் அபாயமும்

பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த அமைதிப் பள்ளத்தாக்கிலே, முக்காலியிலிருந்து 23 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சைரந்திரி முகாமில், 2022 மே 3-ந் தேதி இரவு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு படுக்கப் போன வன வாட்சர் ஒருவர், நெடுங்காலம் நடந்து பழகிய அந்தச் சிறு தூரத்தைக் கடப்பதற்குள் காணாமற் போனார். தேடியபோது அவருடைய செருப்பும் டார்ச் விளக்கும் அகப்பட்டன. வன இலாகாவும் போலீஸாரும் காடறிந்த பழங்குடியினரும் வாரக்கணக்கில் அலைந்தும் ஆள் அகப்படவில்லை. மறு ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, இடுக்கி ஜில்லா சாந்தன்பாறையை அடுத்த பன்னியாறு எஸ்டேட்டில், யானைகளைக் குரல் கொடுத்தே விலக்குவதில் பெயர்பெற்ற வாட்சர் ஒருவர் யானையால் மாண்டார்.

இருவரும் அநுபவசாலிகள். ஆதலால் பயிற்சி போதவில்லை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இடமில்லை. மறையூர்ச் சந்தனக் காட்டில் ராக்காவல் இருப்பவராயினும், ஏலத்தோட்டத்துக் காவல்காரராயினும், கஞ்சிக்கோட்டில் ஆலைக் கதவருகே உட்கார்ந்திருப்பவராயினும், தனித்து நிற்பவருக்கு விபத்தைக் காட்டிலும் கொடியது, அது நேர்ந்த செய்தி பிறருக்கு எட்டுவதில் உண்டாகும் தாமதமே. பாம்பு கடித்தவரை உடனே எடுத்துச் சென்றால் பிழைக்க வைக்கலாம்; காலை ஷிப்டுக்காரர் வந்து பார்க்கும்போது என்ன செய்ய முடியும்?

தனியாக வேலை செய்பவரின் க்ஷேமமும் முதலாளியின் பொறுப்பே என்பது பிரிட்டனில் 1974-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட நியதி. அங்கே அநுசரிக்கப்படும் முறை எளியது: குறித்த நேரத்துக்கு ஒரு தரம் காவலர் பேச வேண்டும், பேச்சு வராவிட்டால் எத்தனை நிமிஷத்தில் யார் புறப்படுவது என்பது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது பாதி இல்லாமல் முதற்பாதியால் பிரயோசனமில்லை. போனுக்குச் சிக்னல் எட்டாத மலையில் வயர்லெஸ் வேண்டும். யானை நடமாடும் இடத்துக்கோ இருவராகவே அனுப்ப வேண்டும். யானை நிற்குமிடத்தை முன்னதாக அறிவிப்பதும் அசாத்தியமன்று. கேரள எல்லையை ஒட்டிய வால்பாறையில் குறுஞ்செய்தியாலும், போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளாலும் பல ஆண்டுகளாக அது நடந்து வருகிறது.

எஸ்டேட் முதலாளிகளுக்கும் இலாகா அதிகாரிகளுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுவே: இன்றிரவுக் காவல் பட்டியலில் ஒவ்வொரு தனிக்காவலர் பெயருக்கும் எதிரே, அவருடைய குரலுக்காக விழித்திருக்கப் போகிறவரின் பெயரையும் எழுதுங்கள்.