கேட்டதை எழுதாதீர்கள்: சனிக்கிழமைக் கணக்கெடுப்பும் வளவு அணிலும்

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று: வளவில் ஓடித்திரியும் அணிலையும் விலங்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் எழுத வேண்டுமா? வேண்டாம். 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணி முதல் 8.05 வரை இலங்கை விவசாய அமைச்சு எண்ணச் சொன்னது குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றைத்தான். மர அணில் என்பது தென்னையில் குரும்பையைத் துளைக்கும் பெரிய அணில். முதுகில் மூன்று கோடுள்ள சின்ன அணிலுக்குப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

ஆனால் கணக்கைக் குழப்பக்கூடியது அந்தச் சின்ன அணில்தான்.

படிவத்தோடு ஆட்கள் வளவுக்குள் இறங்க, பின்னால் நாயும் ஓடும். அணில் பனையில் பாதி ஏறி, தலைகீழாக ஒட்டிக்கொண்டு கத்தத் தொடங்கும். ஒவ்வொரு கீச்சுக்கும் வால் ஒருமுறை வெட்டும். பருந்தைக் கண்ட சிறு பறவைகள் எழுப்பும் மெல்லிய நீண்ட சீழ்க்கை எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. விலங்கியலாளர் பீற்றர் மார்லர் 1955 இல் இதை விளக்கினார். அணிலின் வெட்டு வெட்டான கீச்சு அப்படியில்லை, இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பதுங்கிவரும் பூனைக்கு, உன்னைக் கண்டுவிட்டேன் என்று சொல்லவும் அது உதவும். கண்டபின் பதுங்கிப் பயனில்லை.

பெரிய அணிலோ ஆபத்தென்றால் கிளையோடு கிளையாக அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கக்கூடியது. எண்ண வேண்டியது மௌனமாகிவிட, எண்ணக்கூடாதது ஊரைக் கூட்டும். சின்ன அணிலின் குரல் மூன்று வளவுக்குக் கேட்டால், மர அணிலென்று நினைத்து மூன்று படிவங்களில் ஏற்றிவிடலாம். ஒரே நேரத்தில் எண்ணினால் இரட்டிப்பு வராது என்றது அமைச்சு. நடந்து திரியும் மிருகத்துக்கு அது சரி. வேலி தாண்டும் சத்தத்துக்கு அந்த ஐந்து நிமிடத்தில் தடையேது?

இதைச் சின்ன விடயமாக நான் பார்க்கவில்லை. 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது, பிறகு கைவிடப்பட்டது. இனி இப்படியொரு யோசனை வந்தால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். ஆகவே கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டியிருந்தது.

கோயில் வளவு? அதுவும் சேர்ந்தது.

வேலியில் நிற்கும் மயில்? இரு வீட்டாரும் பேசி ஒருவர் எழுத வேண்டியிருந்தது.

ஒன்றும் தென்படவில்லையா? பூச்சியம் என்று போட வேண்டியிருந்தது.

யானை, பன்றி? இந்தக் கணக்கில் இருக்கவில்லை.