பதினாறாம் சேனலைக் காலியாக விடுங்கள்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் லாஞ்சின் கேபினில் இரண்டே சத்தங்கள்தான் மிஞ்சும். ஒன்று எஞ்சின். இன்னொன்று, டிரைவரின் தலைக்கு மேலே திருகி மாட்டியிருக்கும் வயர்லெஸ் செட்.

“அண்ணே, வலை எடுத்தாச்சா?”

“இப்பதாம்பா இழுக்குறோம். தண்ணி ஓட்டம் ஜாஸ்தியா கீது.”

“எத்தினி பாகம்ணே?”

மூன்றாவது கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் வராது. மீன் விழுந்த இடத்தின் ஆழத்தை ஊருக்கே ஒலிபரப்ப யாருக்கு மனசு வரும்? பேச்சு அப்படியே டீசல் விலைக்கும், ஐஸ் பற்றாக்குறைக்கும், நேற்று ஏலத்தில் வஞ்சிரம் போன விலைக்கும் தாவிவிடும்.

இதே நேரத்தில், இதே கடலில், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கன்டெய்னர் கப்பல் ஒன்று, பைலட் எப்போது ஏறுவார் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வந்த கப்பல் தன் முறைக்காக நங்கூரமிட்டிருக்கும். இன்னும் வடக்கே காட்டுப்பள்ளிக்கு ஒன்று திரும்பிக்கொண்டிருக்கும். ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரை இருபது கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் மூன்று பெரிய துறைமுகங்கள், காசிமேட்டு விசைப்படகுகள், திருவொற்றியூர் குப்பங்களின் ஃபைபர் படகுகள், இன்னமும் கடலுக்குப் போய்வரும் கட்டுமரங்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு நெரிசலான கடல் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது வி.எச்.எஃப். என்ற அந்த வயர்லெஸ்தான். அதைத்தான் நாம் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

கருவியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையை உலகம் முழுக்கக் கடல் பேச்சுக்கென்று ஒதுக்கி, சேனல்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. யாரையாவது கூப்பிட வேண்டுமா? 16இல் கூப்பிடலாம். அவர் பதில் சொன்னதும் இருவரும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். குழாயடியில் குடம் நிறைந்ததும் நகர்ந்து கொடுப்பதுபோலத்தான். அங்கேயே நின்று ஊர்க்கதை பேசினால் பின்னால் நிற்பவர் என்ன ஆவார்?

கேபினில் பொருத்தும் செட்டுக்கு 25 வாட் வரை சக்தி உண்டு. துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் 1 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ள ஒரு சுவிட்சும் இருக்கும். கையில் பிடிக்கும் வாக்கிடாக்கி 5 அல்லது 6 வாட். ஆனால் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை வாட் தீர்மானிப்பதில்லை. ஆன்டெனாவின் உயரம்தான் தீர்மானிக்கிறது. இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் தொடுவானத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்ட படகுக்கு அது எட்டாது.

கணக்கு எளிது. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அதன் எல்லை கடல் மைலில் கிடைக்கும். நான்கு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டிய லாஞ்சுக்கு 4.4 கடல் மைல். எதிரில் அதே மாதிரி லாஞ்ச் இருந்தால் இரண்டையும் கூட்டிச் சுமார் 9 கடல் மைல், அதாவது 16 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் அதற்கு 22, லாஞ்சின் 4.4ஐயும் சேர்த்தால் 26 கடல் மைல் சொச்சம். ஃபைபர் படகில் உட்கார்ந்தபடி வாக்கிடாக்கியில் பேசுபவரின் ஆன்டெனா தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. அவர் எழுந்து நின்று கையை உயர்த்திப் பேசினாலே கொஞ்சம் கூடுதலாக எட்டும்.

ஆந்திரக் கடற்கரை வரை வடக்கே ஏறி, நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் காசிமேட்டு லாஞ்சின் குரல் நேரடியாகக் கரைக்கு வராது என்பது இதிலிருந்தே புரியும். நம் ஆட்கள் இதற்குச் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பவர் நடுவில் இருப்பவரிடம் சொல்ல, அவர் கரைக்கு அருகில் இருப்பவரிடம் சொல்ல, சேதி வீட்டுக்கு வந்துவிடும். சர்வதேச விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. ஒரு படகின் அபாயக் குரல் கரைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால், அதைக் கேட்டவர் ‘மேடே ரிலே’ என்று சொல்லித் தன் செட்டில் திரும்ப அனுப்ப வேண்டும். நம்மவர்கள் பாடம் படிக்காமலே செய்துவருவது அது.

இனி செட்டுக்கு முன்னால் உட்காருவோம். ‘ஸ்குவல்ச்’ என்று ஒரு குமிழ் இருக்கும். அதை முழுக்கக் குறைத்தால் ‘ஷ்ஷ்ஷ்’ என்ற இரைச்சல் காதைக் கிழிக்கும். மெல்லத் திருகி, இரைச்சல் எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அங்கேயே விட வேண்டும். தொல்லை இல்லாமல் தூங்கலாம் என்று இன்னும் திருகினால் இரைச்சலோடு சேர்த்துப் பலவீனமான குரல்களையும் செட் விழுங்கிவிடும். பேட்டரி இறங்கிய ஃபைபர் படகிலிருந்து வரும் குரல் அப்படித்தான் பலவீனமாக இருக்கும்.

மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். செல்போன்போல இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அழுத்தியவுடன் பேசினால் முதல் அசை அறுந்துபோகும். ஒரு மூச்சு விட்டுத் தொடங்குவது நல்லது. கத்த வேண்டாம். கத்தினால் குரல் சிதையுமே தவிர, தூரம் கூடாது.

பொத்தான் சிக்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் பாய்க்கு அடியிலோ, லைஃப் ஜாக்கெட் குவியலிலோ போட்டுவிடுவார்கள். அதன் மேல் ஏதாவது அழுந்தினால் செட் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சத்தமும் கேபின் பேச்சும் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். ‘மைக்க எடுய்யா!’ என்று மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் படகுக்கு மட்டும் கேட்காது. ஏனென்றால் அனுப்பிக்கொண்டிருக்கும் செட் எதையும் கேட்காது.

பதினாறில் அரட்டை அடிக்கக்கூடாது என்று சொல்வதற்கு வெறும் ஒழுங்கு காரணமல்ல. இந்த ரேடியோ எஃப்.எம். முறையில் இயங்குகிறது. ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், இரண்டு குரலும் கலந்து வராது. வலுவான குரல் மட்டுமே வரும். மற்றது அடியோடு மறைந்துவிடும். ‘யாரோ ஒருத்தர் பேசுற மாதிரி இருந்துச்சே’ என்ற சந்தேகம்கூட எழாது. எண்ணூருக்குக் கிழக்கே ஒரு படகு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கரைக்கு அருகில் நிற்கும் லாஞ்ச் ஒன்று அதே பதினாறில், முழு 25 வாட்டில், இறால் விலை விசாரிக்கிறது. கடலோரக் காவல்படையின் காதுக்கு எட்டுவது இறால் விலைதான்.

உயிர் போகிற நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? ‘மேடே, மேடே, மேடே’ என்று மூன்று முறை. பிறகு படகின் பெயர் மூன்று முறை. அடுத்து, இருக்கும் இடம். அதன்பின் என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், படகில் எத்தனை பேர். இந்த வரிசையை மாற்றக்கூடாது. குறிப்பாக, பெயரைச் சொன்னதும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பாதியில் செட் செத்துப்போனாலும் எங்கே தேடுவது என்பதாவது தெரியும். ஜி.பி.எஸ். திரையில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்: ‘ஒன்று, மூன்று டிகிரி, ஒன்று, ஏழு நிமிடம் வடக்கு’ என்று. பதினேழு என்றும் பதினேழரை என்றும் சொன்னால் இரைச்சலில் எழுபதாகிவிடும். ஜி.பி.எஸ். இல்லையென்றால் வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எந்தப் பக்கம், எத்தனை பாகம் என்று சொன்னாலும் போதும். நம் கடலை அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழில் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ‘மேடே’ என்ற ஒரு சொல் போதும், எந்த நாட்டு மாலுமியும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

புது செட்களில் சிறு மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. மூடியைத் திறந்து சில விநாடி அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் எண்வடிவ அபாயச் செய்தி தானாகப் போகும். யாராவது ஏற்றுப் பதில் அனுப்பும்வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போகும். ஆனால் செட்டில் அந்தப் படகுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண் பதிந்திருக்க வேண்டும். இந்திய எண்கள் 419 என்று தொடங்கும். எண்ணைப் பதிக்காத செட்டில் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. வி.எச்.எஃப்.பின் எல்லையை அதைவிடக் கொடூரமாக யாரும் நமக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழிக் கருவிகள் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செயற்கைக்கோளுக்குப் போன செய்தி கரைக்கு வந்து, அங்கிருந்து உதவி புறப்பட்டு வந்து சேர நேரமாகும். இரண்டு மைல் தள்ளி நிற்கும் பக்கத்துப் படகு கால் மணி நேரத்தில் வந்துவிடும். அதைக் கூப்பிட வி.எச்.எஃப்.தான் வேண்டும். இப்போதெல்லாம் புயல் உருவானால் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் டோர்னியர் விமானங்களும் தமிழிலேயே எச்சரிக்கை வாசித்தபடி சுற்றிவருகின்றன. அந்த அறிவிப்பும் இதே செட்டில்தான் வருகிறது. செட் அணைந்திருந்தால் விமானம் தலைக்கு மேலே பறந்து பயனில்லை.

பெரிய கப்பல்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்கலாம். 2017 ஜனவரி 28 விடியற்காலையை வடசென்னை மறக்காது. எண்ணூரில் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் எண்ணெய்க் கப்பலும் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் தார்போலத் திரண்ட எண்ணெயை மீனவர்களும் தொழிலாளர்களும் இளைஞர்களும் வாளியால் அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. காசிமேட்டில் மீன் வாங்க ஆள் இல்லை. அந்த இரண்டு கப்பல்களிலும் வி.எச்.எஃப். இருந்தது, அது இல்லாமல் அந்த அளவுக் கப்பல் சட்டப்படி புறப்படவே முடியாது. மோதலைத் தவிர்க்க ரேடியோவை நம்பி உட்காராதே, விதிப்படி வழிவிடு, கண்ணாலும் ராடாராலும் பார் என்று பிரிட்டனின் கடல்சார் நிர்வாகம் தன் மாலுமிகளுக்குத் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் கப்பல் நிற்காது. எதிரில் வருவது எந்தக் கப்பல் என்று தெரியாமலே வேறொன்றோடு பேசி முடித்து மோதிய கதைகளும் உலகில் உண்டு.

நம் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவே இன்னொரு சுவர், மொழி. வலையை நோக்கிக் கப்பல் ஒன்று வருகிறது. நம் ஆள் டார்ச் அடிப்பார், துணியை வீசுவார், தமிழில் கத்துவார். கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் பிலிப்பைன்ஸ் அதிகாரிக்கு 16ஆம் சேனலில் புரியாத இரைச்சல் மட்டும் கேட்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் மாலுமிகளுக்கென எளிய ஆங்கிலத் தொடர்களைத் தொகுத்துத் தந்திருக்கிறது. அதில் நமக்கு வேண்டியது பத்துத் தொடர்தான்: ‘என் வலை உங்கள் பாதையில் இருக்கிறது’, ‘கிழக்கே விலகிப் போங்கள்’, ‘என் எஞ்சின் ஓடவில்லை’. இவற்றின் ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அட்டையில் அச்சடித்துச் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன? செலவு ஒரு டீக்குக்கூட ஆகாது.

உரிமம் இன்னொரு தலைவலி. 1933ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி, இந்தியாவில் வயர்லெஸ் செட்டுக்கு அரசு அனுமதி வேண்டும். விதி சரிதான். ஆனால் விண்ணப்பம் எங்கே, எப்படி என்று தெரியாத மீனவர், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு செட்டை வாங்கி மாட்டிவிடுகிறார். அது கடல் சேனலில்தான் பேசுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. தண்டிப்பதைவிட, குப்பத்துக்கே வந்து பதிந்துகொடுப்பது நல்லது.

அதற்கு நேரமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். லாஞ்சுகள் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சின் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள். ஆன்டெனா வயரின் முனையைக் கழற்றி அதில் களிம்பேறியிருக்கிறதா என்று பார்ப்பவர் அரிது. உப்பு அரித்த அந்த முனையில் 25 வாட்டும் வீணாகிப்போகும். மீன்வளத் துறை இந்த 61 நாளில் ஒவ்வொரு குப்பத்திலும் அரை நாள் வகுப்பு எடுக்கட்டும். புத்தகப் பாடம் வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் மைக்கைக் கொடுத்து அபாய அழைப்பைச் சொல்லிப் பார்க்கச் செய்தால் போதும், நிஜமாக ஒலிபரப்பாமல். சங்கங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேறு சேனலை நிர்ணயித்துக்கொள்ளட்டும்.

படகு உரிமையாளர்களே, ஜூன் 14 நள்ளிரவுக்குக் காத்திருக்கும்போது டீசலோடும் ஐஸோடும் சேர்த்து ஆன்டெனாவையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். படகின் பெயரையும் பதிவு எண்ணையும் செட்டுக்கு மேலே பெரிதாக எழுதி வையுங்கள். பதற்றத்தில் சொந்தப் படகின் எண்ணே நினைவுக்கு வராது. டிரைவருக்கு மட்டுமல்ல, வலை இழுக்கும் கடைசிப் பையனுக்கும் மைக்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். செல்போன் எடுக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. அதற்கு அப்பால் போய்விட்டால் பதினாறாம் சேனல்.