எழுதத் தயங்கும் கைகள்

இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில் ஒரு முறையீடு அடிக்கடி நம் செவியில் விழுகிறது: "சாமி, வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் கோழி கிளறியதுபோல் கிறுக்குகிறான்." இதற்குப் பெற்றோர் கண்ட மருந்து யாது? மாலை விளையாட்டு நிறுத்தப்படுகிறது. ஒரே பக்கம் பத்து முறை எழுதப்படுகிறது. பிரம்படியும் விழுவதுண்டு.

அன்பார்ந்த பெற்றோரே, இக்குழந்தைகள் சோம்பேறிகள் அல்லர். இவர்களுள் பலருக்குச் சட்டைப் பொத்தானை மாட்டுவதும், எறிந்த பந்தைப் பிடிப்பதும்கூடக் கடினமாயிருக்கும். கண் காண்பதைக் கை செய்து முடிக்கும் இசைவு இவர்களிடம் தாமதமாக வளர்கிறது. பள்ளிச் சிறுவருள் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இவ்வியக்கக் குறை உண்டென மருத்துவர் கணக்கிடுகின்றனர். இஃது அறிவுக்குறைவால் விளைவதன்று.

எழுதுவது விரல்களின் வேலை மட்டுமன்று. முதுகு நிமிர வேண்டும். தோள் தாங்க வேண்டும். மணிக்கட்டு வளைந்து கொடுக்க வேண்டும். இவை தளர்ந்திருந்தால் குழந்தை எழுதுகோலை இறுகப் பற்றுகிறது. சில வரிகளிலேயே கை வலிக்கிறது. எனவே, விளையாட்டைப் பறிப்பது அக்கைக்கு வேண்டிய பயிற்சியையே பறிப்பதாகும்.

1907-இல் உரோமை நகரின் ஏழைக் குழந்தைகளுக்கென இல்லம் திறந்த மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், எழுத்துக்கு முன் கையை ஆயத்தம் செய்தார். குமிழ் பொருத்திய மரக்கட்டைகளை மூன்று விரல்களால் எடுத்து வைக்கவும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவவும் குழந்தைகளைப் பழக்கினார். அவரே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். மணலில் விரலால் எழுதிப் பழகும் வழக்கமோ நம் திண்ணைப் பள்ளிகளில் பண்டே இருந்தது.

ஆகவே, குழந்தையை ஓடவும், கயிறு இழுக்கவும், பாண்டி ஆடவும் விடுங்கள். பல்லாங்குழியும், பூத்தொடுத்தலும், மாவு பிசைதலும் விரல்களைப் பழக்கும். ஆயினும் விளையாட்டு மட்டுமே எழுத்தைக் கற்பித்துவிடாது. எழுத்து எழுதியே கைவரும். பாதங்கள் தரையில் படிய அமர்த்தி, நாள்தோறும் பத்து நிமிடம், ஓரிரு எழுத்துக்களை மட்டும் நிதானமாகப் பயிற்றுங்கள். திருந்திய ஓர் எழுத்தையேனும் பாராட்டுங்கள். முன்னேற்றம் இல்லையெனில் தயங்காது குழந்தை மருத்துவரை நாடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

நம் ஆண்டவரும் ஒருமுறை குனிந்து, விரலால் தரையில் எழுதினார். கல்லெறிய வந்தோர் எறியாமலே திரும்பினர். நம் கையிலுள்ள பிரம்பும் கீழே விழட்டும்.